குகைத் தண்ணீருக்குக் கணக்குச் சொன்ன நல்லமுத்து

பொகவந்தலாவைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் நல்லமுத்து என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பைப்பு நல்லமுத்து என்றால் ஒருவர்தான். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் அவர் பொறுப்பு. பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். மழையோ பனியோ, குழாய் எங்கே வெடித்தாலும் அவர்தான் ஓட வேண்டும். நாற்பது வயதுக்குள் முழங்கால் இரண்டும் தேய்ந்து, ஏற்றம் வந்தால் "அப்பனே முருகா" என்று நின்று மூச்சு வாங்குவார். கேட்டுக் கேட்டு முருகனுக்கே சலித்துப் போயிருக்கும்.

தண்ணீர் வந்தது மலையுச்சிக்குக் கீழே இருந்த ஒரு பாறைக் குகையிலிருந்து. எந்தக் காலத்துத் துரையோ குகையின் வாயைக் கருங்கல் சுவரால் அடைத்து, அடியில் ஒரு குழாயைச் சொருகிவிட்டுப் போயிருந்தான். மழைக்காலத்தில் பாறை வெடிப்புகள் வழியே உள்ளே நிறைவதுதான் கோடை முழுக்கத் தண்ணீர். அது எவ்வளவு என்று எட்டிப் பார்க்க வழி கிடையாது. குகை எவ்வளவு நீளம், உள்ளே எப்படி வளைகிறது என்பது கட்டியவனுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

சற்றுக் கீழே வால்வுக் கூண்டில் குழாயோடு ஒரு கேஜ் பொருத்தியிருந்தது. தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறது என்று அதன் முள் காட்டும். முறைப்படி வால்வை அடைத்துவிட்டு, வெடிப்புகளில் கசிவதெல்லாம் வந்து அடங்கும்வரை ஒரு நாள் பொறுத்துத்தான் முள்ளைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் அடைத்தால் ஸ்டோரு என்னாவது? ஸ்டோரு என்று அங்கே சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. எஞ்சின் சூடேறி நிற்கும், பறித்த கொழுந்து குப்பைக்குப் போகும். ஆகவே தண்ணீர் ஓடும்போதே பார்த்தாக வேண்டும். முள் ஒரு கோடு இறங்குவதற்குள் ஸ்டோருத் தொட்டி எத்தனை தடவை நிரம்பியது என்று நல்லமுத்து மனதில் வைத்துக்கொள்வார். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போவதைக் குத்துமதிப்பாகச் சேர்ப்பார். ஒரு கோட்டுக்கு இவ்வளவு என்றால், மிச்சக் கோடுகளுக்குக் குகையில் எவ்வளவு கிடக்கிறது, எப்போது வறளும் என்று சொல்லிவிடுவார்.

இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓட்டம் எப்போதும் ஒரே அளவாக இருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். எல்லாரும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால், உள்ளே தண்ணீர் தளும்பினாலும் முள் படுத்துவிடும். அதனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கலைந்து, பெண்கள் கொழுந்துக்குப் போனபின், லயத்துக் குழாய்கள் மூடிக் கிடக்கும்போதுதான் அவர் மேலே போவார்.

ஐம்பத்தாறாம் வருஷம் மாசியில் மழை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நல்லமுத்து காய்ச்சலில் விழுந்து எழுந்திருந்தார். கேஜ் பார்க்க வேண்டிய அன்று காலையில் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சாயங்காலம் எப்படியும் மேல்மலைக் குழாயைப் பார்க்கப் போகிறோம், கேஜையும் அப்படியே பார்த்துக்கொண்டால் ஒரு ஏற்றம் மிச்சம் என்று நினைத்தார். அந்த உடம்போடு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஆனால் அது காமன் கூத்து நடக்கிற காலம். பொழுது சாயும்போதே தப்பு மேளச் சத்தம் கிளம்பிவிடும். ஆட்டத்துக்கு முன்னால் ஆண்கள் எல்லாம் தலைமுழுகுவார்கள். வாசல் தெளிக்கவும் சமைக்கவும் பெண்கள் குடம் குடமாகப் பிடிப்பார்கள். ஒரு குழாய் பாக்கியில்லாமல் திறந்து கிடக்கும். மேலே கூண்டில் முள் சரசரவென்று இறங்கி நின்றது. தப்புச் சத்தம் நல்லமுத்துவின் காதில் விழாமல் இல்லை. களைத்த மண்டையில் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"தண்ணி அடுத்த வாரம் தாங்காதுங்க தொரை" என்று தோட்டத்தை நடத்தும் பெரிய துரையிடம் போய்ச் சொன்னார்.

துரை யோசிக்கவே இல்லை. ஸ்டோருக்கு மட்டும் விடு, லயத்து வால்வை அடை என்று உத்தரவு போட்டார். போய் அடைத்ததும் நல்லமுத்துதான்.

அன்றிலிருந்து பெண்கள் பள்ளத்து ஆற்றுக்கு இறங்கினார்கள். நாள் முழுக்கக் கூடை சுமந்த முதுகு, அப்புறம் குடம். "எறங்கி ஏறுறதுக்குள்ள உசுரு போயி வருதுங்க" என்றாள் அவர் மனைவி வேலாயி. அடைத்த வால்வை எதற்குப் போய்ப் பார்ப்பது என்று நல்லமுத்து மேலே ஏறவில்லை.

அடுத்த வீட்டுக் காம்பறாவில் இருந்த காளியாயி, புருஷன் இல்லாதவள், ஒரு சாயங்காலம் குடத்தோடு பள்ளத்தில் சறுக்கி விழுந்தாள். வலது கை முறிந்தது. வலது கை இல்லாமல் கொழுந்து பறிப்பதெங்கே? நாலு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்ததை நல்லமுத்து வாசலில் நின்று பார்த்தார். மறுநாள் காலையில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஏனோ மேலே ஏறினார்.

முள் உயரத்தில் நின்றது. ஒரு சொட்டு மழை இல்லை. குகைக்குள் புதிதாகத் தண்ணீர் வர வழியில்லை. லயத்துக் குழாய் மூடியிருக்கிறது, அதனால் முள் ஏறியிருக்கிறது. அப்படியானால் அன்றைக்கு இறங்கியதும் குழாய்கள் திறந்து கிடந்ததால்தான். பழைய காலைக் கணக்கோடு வைத்துப் பார்த்தார். சித்திரை மழைவரைக்கும் லயத்துக்கும் ஸ்டோருக்கும் தாராளமாகத் தண்ணீர் இருந்தது. கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. அழுகைகூட வந்தது.

நேரே பங்களாவுக்குப் போய், பின்வாசலில் நின்று, "நான் பாத்தது தப்புங்க தொரை" என்று ஒன்றுவிடாமல் சொன்னார். துரை கத்தவில்லை. லயத்து வால்வைத் திறக்கச் சொன்னார். இனிப் பைப்பு வேலை வேண்டாம், நாளையிலிருந்து முள்ளுக்குத்துக்குப் போகலாம் என்றார். தேயிலைக்கு அடியில் நாள் முழுக்கக் குனிந்து முள்ளால் மண்ணைக் கிளறும் அந்த வேலைக்கு இந்த முழங்கால் எத்தனை நாள் தாங்கும் என்று துரைக்கும் தெரியும்.

வால்வைத் திறந்துவிட்டு மத்தியானம் இறங்கி வருவதற்குள், பங்களா ஆட்கள் அரைகுறையாகக் கேட்டுச் சொன்னதில் லயத்தில் கதை வேறாகிவிட்டது. பைப்பு நல்லமுத்து துரையோடு மல்லுக்கு நின்று தண்ணீர் வாங்கிவிட்டாராம், வேலையே போய்விட்டதாம்! தொழிற்சங்கத் தலைவர் மாயாண்டி, காமனுக்கு வைத்திருந்த மாலையோடு குழாயடியில் நின்றார். "நம்ம தண்ணிக்காகத் தன் வேலையக் குடுத்த மனுசன்யா!" என்று கழுத்தில் போட்டார். காளியாயி, முறிந்த கையில் கட்டிய மூங்கில் பத்தையோடு, இடது கையால் ஒரு செம்பு பிடித்து நீட்டினாள்.

"மொதத் தண்ணி நீங்க குடிங்கண்ணே. நல்லா இருக்கணும்."

நல்லமுத்து செம்பை வாங்கினார். குடிக்க முடியவில்லை. மாலையைக் கழற்றி மாயாண்டியின் கையில் கொடுத்தார்.

"தண்ணி குறையவே இல்ல தாயி. காலையில போயிப் பாக்க வேண்டியத கூத்து நேரத்துல பாத்துட்டுத் தப்பாச் சொன்னேன். அடைக்க வச்சது நாந்தான்."

காளியாயி அவரையே பார்த்தாள்.

"எப்பவும் காலையிலதானே போவீங்க. அன்னிக்கு ஏண்ணே போகல?"

"களைப்பா இருந்துச்சு."

"எங்களுக்குக் களைப்பா இருக்காதாண்ணே?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள் போலிருந்தது. குழாய் யாரும் பிடிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வேலாயி போய் அதை மூடினாள்.