ஒரே டிரம்மில் போட்ட மீன்கள்

விரால் காற்றுக்காக மேலே வந்து வாய் திறக்கும் "ப்ளக்" என்ற சத்தத்தில்தான் நான் தினமும் கண் விழித்தேன். தாராவியில் எங்கள் ஒற்றை அறை "கோலி"யின் வாசலில் அப்பா ஒரு சிமெண்ட் தொட்டி கட்டியிருந்தார்; ஏரி மீனை உயிரோடு வாங்கி வந்து விற்கிறவருக்கு அதுதான் கடை. கெண்டை மேலே மிதக்கும் தவிட்டைத் தின்னும், கெளுத்தி அடியில் விழுந்ததைப் பொறுக்கும், ஜிலேபி மீன் சுவர்ப் பாசியைச் சுரண்டும், விரால் துரைக்கு மட்டும் தனியாகக் கோழிக்குடல். ஒன்றின் தீனிக்கு இன்னொன்று வந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் வீடும் அப்படித்தான் நடந்தது. குடிசை இடிபட்டுப்போன அத்தை குடும்பமும் எங்களோடு இருந்தது. தோல் பட்டறையில் இரவு வேலை பார்த்த மாமா காலையில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார், விடியுமுன் மீனெடுக்கப் போகும் அப்பா மதியம் சாப்பிடுவார், அம்மாவும் அத்தையும் ஒரே ஸ்டவ்வில் வேறு வேறு நேரம் எல்லோருக்கும் சமைப்பார்கள். யார் தட்டில் என்ன விழுந்தது என்று யாரும் பார்த்ததில்லை. அத்தை மகள் செல்வி என் பாயில் படுப்பாள். அவள் இல்லாத வீட்டை எனக்கு நினைத்துப் பார்க்கவே தெரியாது.

ஒரு மழைக்காலத்தில் சந்துத் தண்ணீர் ஏறித் தொட்டியை மூடப் பார்த்தது. மீன் போய்விடுமே என்ற பதற்றத்தில் அப்பா எல்லாவற்றையும் அள்ளி, "மாளா" என்று நாங்கள் சொல்லும் பரணில் இருந்த ஒரே டிரம்மில் போட்டார். நாங்களும் அங்கேதான் ஏறினோம். நிமிர்ந்தால் தகரம் இடிக்கும், கால் நீட்டினால் யார்மேலாவது படும்.

"ஏரியில வெள்ளம் வந்தா மீனுக்குக் கொண்டாட்டம்ட்டி, எடமும் தீனியும் பெருகிரும்" என்றார் அப்பா. எங்களுக்கோ வெள்ளம் ஏற ஏற வீடு சுருங்கியது, மூச்சு முட்டியது.

டிரம்மில் போடத் தீனி இல்லை. கெண்டைகள் குறைந்துகொண்டே வந்தன, விரால் வயிறு உப்பியது. கடைசியில் அப்பா விராலையே அறுக்கச் சொன்னார். ஒரே சட்டி, ஒரே நேரம். எல்லோரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். அம்மா வழக்கம்போல நடுத்துண்டை அப்பாவுக்கு வைத்தாள். மாமா தட்டில் வால் விழுந்தது.

அத்தை தட்டைத் தள்ளினாள். "இத்தன நாளும் இப்பிடித்தான் போட்டியளா, மதினி?"

கோபித்துக்கொண்டு எழுந்து போகக்கூட அங்கே இடமில்லை. தண்ணீர் வடிந்த அன்றே அவர்கள் பெட்டியோடு சுனாபட்டியில் ஒரு வாடகை அறைக்குப் போய்விட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத செல்வியை அத்தைதான் பிரித்து இழுத்துப் போனாள்.

இன்று அந்தச் சந்து இல்லை, அங்கே எழுந்த கட்டடத்தில் எங்களுக்கும் ஒரு வீடு. போன வாரம் செல்வி வந்திருந்தாள். ஆசையாக மீன்குழம்பு வைத்து, இரண்டு தட்டுப் போட்டேன்.

"நீ சாப்புடுட்டி, நான் பொறவு சாப்ட்டுக்கிடுதேன்" என்றாள்.

எவ்வளவு கெஞ்சியும் உட்காரவில்லை. நான் தின்று முடிக்கும்வரை என் தட்டைப் பார்க்காமல், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.