சுகமாக இருக்கிறவர்கள் தேவை

ஆஸ்பத்திரியில் மற்ற எல்லாரும் வருத்தக்காரரைப் பார்த்துக்கொண்டிருக்க, சுகமாக நடந்து திரிகிறவர்களின் பின்னால் போய் "ஒருக்கால் வாறியளோ, கொஞ்சம் இரத்தம் எடுக்கவேணும்" என்று கெஞ்சுகிற வேலை ஆராய்ச்சி நேர்ஸுடையது. நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன். கிழக்கு லண்டனில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். சீனி வருத்தம், பிரஷர், இதயம், நித்திரைக் குறைபாடு என்று எல்லார் வீட்டிலும் கிடக்கிற வருத்தங்களைக் கொஞ்சம் முந்தி, கொஞ்சம் சரியாகக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

மருத்துவப் புத்தகங்களில் இருக்கிற கனக்க அளவுகள் வெள்ளைக்காரரின் உடம்பைப் பார்த்து எழுதியவை. எங்கட உடம்புக்கும் அதே அளவு பொருந்துமோ என்ற கேள்வியை இப்போதுதான் உரக்கக் கேட்கிறார்கள். விடை வேண்டுமென்றால் எங்கட ஆக்கள் வரவேண்டும். அதனால் கோயில் மண்டபம், தமிழ்க்கடை வாசல் எல்லாம் என் வேலைத்தலம்தான். காலை எட்டு மணிக்குக் குடும்ப டொக்டரான ஜீபீக்குப் போன் அடித்து, அதே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு காத்திருக்கிற உங்களுக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தி தானாகத் தேடி வந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். கீழே வருகிறவர்களுக்கும் வந்தது. பெயர்களை மாற்றியிருக்கிறேன், சொன்ன கதைகளை மாற்றவில்லை.

மெலிந்தவரும் பருத்தவரும்

குகனும் சோதியும் மச்சான்மார். பாரிஸில் ரெஸ்டோரன்ட் குசினிகளில் வேலை செய்துவிட்டு, பிறகு இங்கே வந்து இல்ஃபோர்ட்டில் சேர்ந்து மரக்கறிக்கடை போட்டவர்கள். குகன் தடி மாதிரி மெலிந்தவர். சோதி கதவால் வரும்போது கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பவேண்டும். சோதிக்குச் சீனி வருத்தம் இருக்கும் என்று குடும்பம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது, சோதியும்தான். குகன் வந்தது துணைக்கு. சும்மா இருக்கிறாரே என்று, "அண்ணை, நீங்களும் ஒரு குழாய் இரத்தம் தாங்கோவன்" என்றேன். சிரித்துக்கொண்டு கையை நீட்டினார்.

முடிவு வந்தபோது சோதிக்கு ஒன்றும் இல்லை. சீனி வருத்தம் குகனுக்கு. "தங்கச்சி, நீங்கள் பேரை மாத்தி ஒட்டிப்போட்டியள்" என்றார். திரும்பவும் எடுத்தோம். அதேதான். தெற்காசிய உடம்பில் வெளியே மெலிவாகத் தெரிந்தாலும் ஈரலைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளேயும் கொழுப்பு சேரலாம் என்றும், அதனால்தான் இந்த நாட்டில் எங்கட ஆக்களைக் குறைந்த நிறையிலேயே பரிசோதிக்கச் சொல்கிறார்கள் என்றும் டொக்டர் விளக்கினார். குகனுக்கு அது ஏறவில்லை. "அப்பாவுக்கு இதிலதான் காலை வெட்டி எடுத்தவை" என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

இவ்வளவு காலமும் தன் உடம்பை நக்கலடித்த மச்சானைத் திருப்பி நக்கலடிக்க சோதிக்கு இதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. அவர் சிரிக்கவில்லை. எழுந்து குகனின் ஜக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்.

"எழும்படா, இண்டைக்குக் கடை வான் வேண்டாம், என்ர வயிறும் உன்ர சீனியும் சேர்ந்து நடந்து போகட்டும்."

காலைச் சீனி

நோர்பரியில் இருந்து இரண்டு ரயில் மாறி வருகிறவர் பாக்கியம் அக்கா. சீனி வருத்தம் வந்து கன காலம். அவருக்கு ஒரு தீராத பிரச்சினை: இரவு விரலைக் குத்திப் பார்த்தால் சீனி ஒழுங்காக இருக்கும், காலையில் எழும்பிக் குத்தினால் ஏறி நிற்கும். மகன் ரூபனுக்குச் சந்தேகம். அம்மா எல்லாரும் படுத்த பிறகு பிரிட்ஜைத் திறக்கிறா என்று முடிவு கட்டிவிட்டான். இனிப்புத் தொதல் டப்பாவை மேல் தட்டில் ஏற்றி வைத்தான். மருமகளும் ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார். சொந்த வீட்டில் கள்ளி மாதிரி இருக்கவேண்டியிருக்கு என்று அக்கா என்னிடம் அழுதார்.

எங்கள் ஆய்வில் மேற்கையில் ஒரு சின்ன வட்டத்தை ஒட்டிவிடுவோம். அது இரவு பகலாகச் சீனியை அளந்து போனுக்குக் கோடாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை அக்கா வந்தபோது அந்தக் கோட்டை டொக்டர், அக்கா, நான் என்று மூன்று பேருமாகப் பார்த்தோம். ரூபனும் கூட இருந்தான். இரவுச் சாப்பாட்டுக்கு ஏறி, இறங்கி, பிறகு குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கிறது. விடியப்போகிற நேரம் தானாக மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. ஒவ்வொரு நாளும் அப்படித்தான். அந்த நேரத்தில் உடம்பை எழுப்புவதற்குச் சில ஹோர்மோன்கள் சுரக்கும். ஈரல் தான் சேமித்து வைத்த சீனியை இரத்தத்துக்குள் விடும். வருத்தம் இல்லாதவர்களுக்கு இன்சுலின் அதைச் சமாளித்துவிடும். அக்காவுக்கு அது காணாது. மருந்து எடுக்கிற நேரத்தை டொக்டர் மாற்றி எழுதினார். ரூபன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா போனைப் பிடித்து அவன் முகத்துக்கு நேரே காட்டினார்.

"ஈரல் செய்த களவுக்கு நானெல்லோடா இவ்வளவு நாளும் பேச்சு வாங்கினனான்!"

முழங்கால்

நடேசர் மாஸ்டர் ஊரில் கணிதம் படிப்பித்தவர். முழங்கால் நோவுக்கு ஒரு மருந்தைச் சோதிக்கிற ஆய்வுக்கு வந்தார். பாதிப் பேருக்கு உண்மை மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்றுக் குளிசை. யாருக்கு எது என்று கொம்பியூட்டர்தான் தீர்மானிக்கும், எனக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது என்று சொன்னேன். நிகழ்தகவு பற்றி எனக்கு ஒரு பாடமே எடுத்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, நாங்கள் ஒரே ஊர்தானே, பார்த்து நல்லதில ஒண்டைத் தாரும்" என்றார்.

ஆய்வு முடிகிறபோது ஊன்றுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு வீசி நடந்து வந்தார். நோ நல்லாய்க் குறைந்துவிட்டதாம்; படி ஏற ஏலுமாம். பிறகு விபரம் வந்தது. அவருக்குக் கிடைத்தது வெற்றுக் குளிசை. கோபிப்பார் என்று பயந்துகொண்டே சொன்னேன். நோவு விஷயத்தில் இப்படி நடப்பது புதினமில்லை, எதிர்பார்ப்பே நோவைக் குறைக்கும் என்பதையும் சொன்னேன். மாஸ்டர் கதிரையில் இருந்து முழங்காலைத் தடவிப் பார்த்தார். மடக்கினார், நீட்டினார். கோபத்தின் சாயலே முகத்தில் இல்லை. விடை வராத கணக்கைப் பார்க்கிற முகம்.

"அப்ப பிள்ளை, என்ர முழங்காலை ஏமாத்தினது நீங்களோ, நானோ?"

அந்தரம்

எங்கள் குழுவில் டொக்டர் காயத்ரி சென்னைக்காரர். தமிழ் பேசுகிற டொக்டர் என்று எங்கட சனத்துக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் இரண்டு தமிழுக்கும் நடுவில் நான் நிற்கவேண்டிவரும். "உளையுதுன்னா என்ன சிஸ்டர்? வலிக்குதா, குடையுதா?" என்று பாவம் அவர் கேட்டுக்கொண்டே இருப்பார்; உள்ளுக்குள் மந்தமாக நோகிறது என்று நான் சொல்லுவேன்.

விமலா அக்காவுக்கு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பிரஷர் ஆய்வுக்கு வழக்கமான வருகை. அன்றைக்கு முகம் வியர்த்திருந்தது. வேலையிலிருந்து ஓடி வந்த வியர்வை என்று நினைத்தேன். டொக்டர் "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்க, "ஒண்டுமில்லை டொக்டர், விடியத் தொடக்கம் ஒரு மாதிரி அந்தரமா இருக்கு" என்றார். டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எங்க ஊர்ல அந்தரம்னா ஆகாயத்துல தொங்கறது. இவங்க என்ன சொல்றாங்க?" இருக்கவும் ஏலாமல், நிற்கவும் ஏலாமல், என்னவோ நடக்கப்போகிற மாதிரி உள்ளுக்குள் பதைக்கிறது, அதைத்தான் சொல்கிறா என்றேன். நெஞ்சு வலிக்குதா என்று டொக்டர் கேட்டார். "நெஞ்சு நோகேல்லை. தாடைதான் கொஞ்சம் உளையுது. பல்லாக்கும்." டொக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "சிஸ்டர், ஈசிஜி. இப்பவே."

பெண்களுக்கும் மாரடைப்பில் நெஞ்சு நோ வருவதுதான் கூடுதல். ஆனால் சிலருக்கு அது வராமல், தாடை, முதுகு, மூச்சு, ஓங்காளம் என்று வேறு வழியால் வரும். வீட்டுக்காரர் அதை வாய்வு என்பார்கள். சில வேளை டொக்டர்மாரும் தவறவிடுவார்கள். ஈசிஜியைப் பார்த்ததும் அக்காவைத் தள்ளுவண்டியில் கீழே அவசரப் பிரிவுக்குக் கொண்டு ஓடினோம். இதயத் தசை கொஞ்சம் சேதப்பட்டாலும் காட்டிக்கொடுக்கிற இரத்தப் பரிசோதனை இப்போது இருக்கிறது. பெண்களுக்கு அதில் வேறு அளவு வைத்துப் பார்க்கிற இடங்களும் உண்டு. அதுவும் மாரடைப்பென்றே சொன்னது. அன்றைக்கே இதயத்து இரத்தக் குழாயை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு, பல்லு டொக்டரிடம் போகலாம் என்று அக்கா வீட்டுக்குத் திரும்பியிருந்தால் என்ற நினைப்பு விடவில்லை.

வார்டில் அக்காவைப் பார்க்கப் போனபோது, பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டை ஆர் பார்க்கினம் என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் டொக்டர் காயத்ரி என் கையைப் பிடித்தார்.

"இனிமே யாராவது அந்தரம்னு சொன்னா, நீங்க அர்த்தம் சொல்றதுக்குள்ள நான் ஈசிஜி மெஷினைத் தள்ளிக்கிட்டு வந்துடுவேன் சிஸ்டர்."

ரவுண்டபவுட்

சிவம் அண்ணை கார் ஓட்டப் பழக்குகிறவர். எங்கள் அறையில் எப்போது அளந்தாலும் அவருடைய பிரஷர் படத்தில் போடலாம் போல இருக்கும். ஆனால் தகப்பனும் தமையனும் பாரிசவாதத்தில் விழுந்தவர்கள். அறையில் நல்லாக இருந்து வெளியே ஏறுகிற பிரஷரும் உண்டு என்பதால், ஒரு நாள் முழுக்கத் தானாக அளக்கிற பட்டியைக் கையில் கட்டி அனுப்பினேன். அண்ணைக்குப் பழக்குகிற வேலை இருக்கிற நாள்தான். அடுத்த நாள் பார்த்தால் பகல் முழுக்க மலைத்தொடர். சராசரியே கூடுதல். மருந்து தொடங்கவேண்டும் என்று டொக்டர் சொல்ல, அண்ணை நம்பவில்லை. அங்கேயே இன்னொருக்கால் அளக்கச் சொன்னார். அளந்தேன். நல்ல பிரஷர். இருவரும் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அண்ணையே காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"உங்கட அறைக்குள்ள ஒருத்தரும் ரவுண்டபவுட்டில ஸ்டியரிங்கை விட்டிட்டுக் கண்ணை மூடேல்லையே, தங்கச்சி."

டே ஷிப்ட், நைட் ஷிப்ட்

மலர் பஸ் ட்ரைவர். செவன் கிங்ஸில் ஒரு தமிழ்க்கடையில் நான் ஒட்டிய அறிவித்தலைப் பார்த்துவிட்டு வந்தார். எவ்வளவு படுத்தாலும் களைப்பு, காலையில் தலையிடி. ஜீபீ இரும்புச்சத்து, தைரொயிட் எல்லாம் பார்த்துவிட்டார்; எல்லாம் சரி. நித்திரையில் மூச்சு அடிக்கடி நின்றுபோகிற வருத்தமாக இருக்கலாம் என்று சொன்னேன். "அது பருத்த ஆம்பிளையளுக்கு வாறதெல்லோ? நான் குறட்டையும் விடுறேல்லை" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது, சொல்வதற்கு ஆளே இல்லை. கணவர் நைட் ஷிப்ட், மலர் டே ஷிப்ட். கட்டில் ஒன்றுதான், ஆள் மாறி ஆள் படுக்கிறார்கள்.

"அக்கா, இது எண்டு வந்தால் என்ர லைசன்ஸைப் பறிப்பினமோ?" பொய் சொல்ல மனம் வரவில்லை. பகலில் நித்திரை தூக்குகிற அளவுக்கு இருந்தால் லைசன்ஸ் கந்தோருக்கு அறிவிக்கவேண்டும், சுகப்படும் வரைக்கும் பஸ் ஓட்ட ஏலாது, சிகிச்சை வேலை செய்தால் திரும்ப ஓட்டலாம் என்றேன். மலர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த கிழமை அறை வாசலில் நின்றார். சிவப்பு லைட்டில் நின்ற பஸ்ஸில், கண்ணாடியில் யாரோ தட்டிய சத்தத்தில்தான் கண் முழித்தாராம். லைட் எப்போதோ பச்சையாகியிருந்தது. "பள்ளிக்கூடப் பிள்ளையள் நிறைய இருந்தவை அக்கா" என்றார். பிறகு கையை நீட்டினார். "பூட்டுங்கோ."

விரலிலும் நெஞ்சிலும் பூட்டுகிற சின்னக் கருவிதான். சொந்தக் கட்டிலிலேயே படுக்கலாம். மூச்சு நின்று நின்று வந்ததை அது வரைந்து காட்டியது. பெண்களுக்கு இது குறட்டையாகத் தெரியாமல் களைப்பாகவும் தலையிடியாகவும் தெரிவதால் கனபேருக்குப் பிடிபடுவதில்லை என்று டொக்டர் சொன்னார். மலரே அறிவித்தார், பஸ்ஸை விட்டார், வீட்டில் இருந்து அழுதார். இரவில் காற்றுத் தள்ளுகிற முகமூடியை முதலில் கழற்றி எறிந்தார். பிறகு மெல்லப் பழகினார். நிபுணர் சரி என்று எழுதிக் கொடுத்து, திரும்பப் பஸ் ஓட்டத் தொடங்கியபின் ஒரு நாள் யூனிபோர்மோடு வந்தார். முகமே வேறு முகம். காலையில் எழும்பினால் தலைக்குள் வெளிச்சமாக இருக்கிறதாம். நன்றி சொல்லத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன். கதிரையில் இருந்துகொண்டு வேறொன்று சொன்னார்.

"அக்கா, இவ்வளவு காலமும் நான் ஒரு சோம்பேறி எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

ஆராய்ச்சி செய்கிறது நாங்கள் என்றுதான் என் கழுத்தில் தொங்குகிற அட்டை சொல்கிறது. கேள்வி கேட்கிற வேலையை முழுக்க எங்கட சனம் எடுத்துக்கொண்டு, ஊசிக் குத்து வாங்குவதற்குக் கையை மட்டும் என்னிடம் நீட்டுகிறது.