குத்தாத ஊசிக்குத் தழும்பு

மாணிக்கவேல் தன் வாழ்நாளில் திட்டம் போட்டுச் செய்த கெட்ட காரியம் ஒன்றே ஒன்றுதான். அதையும் அரைகுறையாகச் செய்து அன்றைக்கே மாட்டிக்கொண்டிருந்தால் இவ்வளவு பாடு வந்திருக்காது. அப்பழுக்கில்லாமல் செய்து தொலைத்தான்.

விருத்தாசலத்தில் அவனுக்குப் பீங்கான் வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சைச் சாமானை ஓரம் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, எங்கேயாவது பள்ளம் இருந்தால் மண்ணை வைத்து இழைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். ஃப்யூஸ் கட்டையோ டீக் கப்போ, அவன் கை பட்டுவிட்டால் அச்சு சேர்ந்த கோடு கண்ணுக்குத் தெரியாது. மேஸ்திரி மற்றவர்கள் சாமானைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், இவனுடையதைப் பார்க்க மாட்டார். அதில் அவனுக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

மூத்தவன் ராஜமாணிக்கத்துக்கு ஒரு வயதில் அம்மை குத்தினார்கள். அப்போதெல்லாம் பல் வைத்த சின்ன வட்டத்தகடு ஒன்றைத் தோளில் இரண்டு இடத்தில் அழுத்தித் திருகுவார்கள். பையனுக்குக் கை வீங்கிச் சீழ் வைத்து, பத்து நாள் காய்ச்சல். மாணிக்கவேல் பிள்ளையைச் சுமந்துகொண்டு வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தே அந்தப் பத்து நாளையும் தள்ளினான். பிள்ளை தேறிவிட்டது, அப்பன் தேறவில்லை. அடுத்துப் பிறந்த திரௌபதி அவன் தட்டில்தான் சாப்பிடுவாள், அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். இவள்மேல் எவன் கையையும் வைக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

அறுபத்தாறாம் வருஷம், வெயில் ஏறுகிற மாசி மாதம். அம்மை குத்துகிற அமீனுதீன் மங்கலம்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து, தெருவில் எந்தப் பிள்ளைக்குத் தழும்பு இருக்கிறது, எதற்கு இல்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார். அன்றைக்குத் திரௌபதி கருவேப்பிலங்குறிச்சியில் தாய்மாமன் வீட்டில் இருந்தாள். விட்டுப்போன பிள்ளைகளுக்கெல்லாம் அடுத்த மாசம் வந்து குத்துவேன் என்று அமீனுதீன் சொல்லிவிட்டுப் போனார்.

பெண்டாட்டி ஆராயிக்குக் குத்திவிட வேண்டும் என்றுதான் ஆசை. "பத்து நாளு காஞ்சாலும் அவனுக்கு ஆறிப் போச்சில்ல. பெரியம்மை வந்தா நாம என்னங்க பண்றது?" என்று கேட்டாள். ஆராயி வீட்டிலேயே முந்திரிக்கொட்டை உடைப்பவள். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவாள், ஏனென்றால் பச்சைத் தோட்டில் கசிகிற எண்ணெய் பட்ட இடம் வெந்து கொப்பளமாகிவிடும். ஆறினால் வட்டமாக ஒரு குழி நிற்கும். அந்தப் பக்கத்தில் கொட்டை உடைக்கிற பெண்கள் எல்லோர் கையிலும் அது உண்டு. மாணிக்கவேல் அன்று சாயங்காலம் பெண்டாட்டியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூத்தவனைப் பக்கத்தில் நிறுத்தி, அவன் தோளில் இருந்த இரண்டு தழும்பையும் அளவெடுத்துக்கொண்டு, அவனை விளையாட அனுப்பிவிட்டான். பீங்கான் சீவுகிற குச்சியின் மழுங்கின முனையில் அந்த முந்திரித்தோட்டு எண்ணெயைத் தொட்டு, அதே இடத்தில், அதே இடைவெளியில், திரௌபதியின் தோளில் இரண்டு வட்டம் வைத்தான். ஐந்து வயசுப் பெண், அப்பன் என்னவோ விளையாட்டுக் காட்டுகிறான் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு நாள் அலறினாள். ஊசி வலி கூடாது என்று நினைத்த புண்ணியவான் பிள்ளையைத் தன் கையாலேயே பொசுக்கினான். ஆராயி வெண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள், ஆனால் வெளியில் மூச்சு விடவில்லை.

அடுத்த மாசம் அமீனுதீன் வந்தபோது தோல் ஆறிக் குழி விழுந்திருந்தது. மாமன் ஊரிலேயே குத்திவிட்டார்கள் என்றான் மாணிக்கவேல். அவர் விரலால் தடவிப் பார்த்து, மருந்து நல்லா எடுத்திருக்குது என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார். மாணிக்கவேலுக்கு மேஸ்திரியிடம் பேர் வாங்கின மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் பின்னாளில் அவன் அதிகம் கூசினான்.

சித்திரையில் திரௌபதிக்குப் பெரியம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். உள்ளங்கால் வரைக்கும் முத்து. பதினெட்டு நாள் வாழையிலையில் கிடந்தாள். உயிர் தப்பியது, முகம் போயிற்று, இடது கண்ணில் பூ விழுந்தது. அவள் இலையில் கிடந்தபோதே அமீனுதீன் வந்து அவள் தோளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கடைசியில், வெயிலில் மருந்து கெட்டுப்போயிருக்கும், அதைத்தான் குத்தியிருக்கிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். செய்யாத தப்புக்கு அந்த மனுஷன் தலை குனிந்தார், செய்தவன் பக்கத்தில் நிமிர்ந்து நின்றான்.

அந்தக் கையோடு தெரு முழுக்கக் குத்த வேண்டும் என்று அவர் வீடு வீடாகப் போனார். அடுத்த வீட்டுப் பாஞ்சாலை கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். பத்து மாசப் பையன். முந்தாநாள்தான் திரௌபதியைப் பார்க்க அவனையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"அந்தப் புள்ளைக்குக் குத்தி என்னா கண்டாங்க? குத்தியும் வந்துச்சி. எம் புள்ளைய வேற எதுக்குப் புண்ணாக்கணும்?" என்றாள்.

அமீனுதீன் மாணிக்கவேலைத் திரும்பிப் பார்த்தார். "நாலு நாளைக்குள்ள குத்துனா தப்பிச்சிக்கும். நீங்க சொன்னா கேப்பாங்க, சொல்லுங்க" என்றார்.

வாயைத் திறந்திருக்கலாம். 'அது ஊசித் தழும்பு இல்ல பாஞ்சாலை' என்று நாலு வார்த்தை. தெருவே கூடி நிற்கிறது, பெண்ணின் முகத்தைக் கெடுத்தவன் அப்பனே என்று தெரிந்துவிடுமே என்று அவன் பயந்துபோனான். "நான் என்னத்தச் சொல்றது, அவங்க இஷ்டம்" என்றான். பதினைந்தாம் நாள் பாஞ்சாலையின் பிள்ளையைப் புதைத்தார்கள். குழி வெட்டப் போனவர்களில் மாணிக்கவேலும் ஒருவன்.

அதற்குப் பிறகு அவன் வேலை செய்தான், மூத்தவனை நெய்வேலியில் வேலைக்கு அனுப்பினான், கோயிலுக்குப் போனான், சிரிக்கவும் செய்தான். ஆனால் பாஞ்சாலை வீட்டைத் தாண்டும்போது மட்டும் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டே போவான். அவளோ அவனை அண்ணே என்று கூப்பிட்டு, குழம்பு வைத்தால் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவாள். அந்தக் குழம்பை அவன் தொட்டதில்லை. பாஞ்சாலைகிட்டயாவது சொல்லிடுங்க என்று ஆராயி வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள். எழுபத்தேழில் காமாலை வந்து அவள் போய்ச் சேர்ந்த பிறகு, விஷயம் தெரிந்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான் என்றாயிற்று. அதில் அவனுக்கு ஒரு மூலையில் நிம்மதிகூட வந்தது. அதற்கும் வெட்கப்பட்டான்.

திரௌபதியின் முகத்துக்கு நல்ல இடம் அமையவில்லை. சேத்தியாத்தோப்பில் லாரியில் மூட்டை ஏற்றும் ஒருவனுக்கு இரண்டாந்தாரமாகத் திரௌபதியைக் கொடுத்தான். எழுபத்தொன்பதில் அவள் பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. தாயில்லாத வீட்டில் பாஞ்சாலைதான் மருந்து இடித்துக் கொடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, எல்லாம் பார்த்தாள்.

மூன்றாம் மாசம் நர்ஸ் கண்ணம்மாள் ஐஸ் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். கக்குவான், தொண்டை அடைப்பான் எதுவும் வராமல் இருக்க முத்தடுப்பு ஊசி போட வேண்டும் என்றாள். திரௌபதி குழந்தையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். நர்ஸ் எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். பக்கத்துத் தெருவில் போன மாசம்தான் ஒரு குழந்தை கக்குவானில் மூச்சு முட்டிச் செத்தது என்றுகூடச் சொன்னாள். திரௌபதி குழந்தையைப் பாஞ்சாலையின் மடியில் விட்டு, ரவிக்கைக் கையை மேலே தள்ளித் தோளைக் காட்டினாள்.

"இத பாருங்க. எனக்கும்தான் குத்துனாங்க. இப்ப எம் மூஞ்சியப் பாருங்க. ஊசிய நம்பி நான் கெட்டது போதும்."

"அதையேதான் நானும் அன்னிக்குச் சொன்னேன். குத்தியிருந்தாலும் எம் புள்ள போயிதான் இருக்கும்" என்றாள் பாஞ்சாலை. பதிமூன்று வருஷமாக அவள் அப்படித்தான் மனசைத் தேற்றி வைத்திருந்தாள்.

நர்ஸ் பெட்டியை மூடினாள். மாணிக்கவேல் கதவோரத்தில் நின்றிருந்தான். பேசாமல் இருந்தால் இன்றைக்கும் அவன் பேர் அப்படியே இருக்கும். பேத்தி பாஞ்சாலையின் மடியில் கால் உதைத்துக்கொண்டிருந்தாள்.

"அது ஊசித் தழும்பு இல்ல" என்றான்.

மூன்று பெண்களும் திரும்பினார்கள். அவன் அவர்கள் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, முந்திரி எண்ணெய், குச்சி, இரண்டு வட்டம், மாமன் ஊரில் குத்தியதாகச் சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். உடம்பில் துணி இல்லாமல் நிற்கிற மாதிரி அவனுக்கு இருந்தது. ஆனாலும் அமீனுதீன் அவனைச் சொல்லச் சொன்னதையும், அவன் சொல்லாமல் இருந்ததையும் விடவில்லை.

திரௌபதி தோளைத் தடவிக்கொண்டே இருந்தாள். எண்ணெய் வைத்தது அவளுக்குக் கொஞ்சம் ஞாபகம் வந்ததோ என்னவோ. "அண்ணனுக்கு மட்டும் குத்துனியாப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவன் தலையாட்டினான். அவள் எழுந்து, பாஞ்சாலையின் மடியிலிருந்து குழந்தையை எடுத்து, அதன் சட்டையைக் கழற்றி நர்ஸிடம் நீட்டினாள். மருந்து ஏறும்போது குழந்தை வீறிட்டது. அப்பனிடம் கொடுக்கவில்லை, அவளே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நர்ஸ் போன பிறகும் பாஞ்சாலை உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. வைவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று மாணிக்கவேல் காத்துக்கொண்டு நின்றான். அதை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தான்.

"அப்ப, அன்னிக்கிக் குத்தியிருந்தா எம் புள்ள இருந்திருக்குமாண்ணே?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இருந்திருக்கும்" என்றான் மாணிக்கவேல்.