தாம்பரம்–பீச் வண்டியில் என் மனோதத்துவம்

கல்யாணத்துக்குப் பிறகு தபால் வழியில் எம்.ஏ. உளவியல் சேர்ந்தேன். எண்பதுகளின் கடைசி. பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் வாடகை வீடு. பழுப்புக் காகித உறையில் பாடங்கள் வரும். நான் பிரிப்பதற்குள் என் கணவர் பிரித்துவிடுவார். படிக்க வேண்டியவள் நான், ஆர்வமெல்லாம் அவருக்கு.

முதல் பரீட்சைக்கு நான் போனது வாசல் வரைக்கும்தான். அவருக்கு லீவு கிடைக்கவில்லை, தனியாகத்தான் போனேன். நகரத்துக்குள்ளே ஒரு பள்ளிக்கூடம். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் என்னைவிடச் சின்னவர்களாகவும் கெட்டிக்காரர்களாகவும் தெரிந்தார்கள். ஹால் டிக்கெட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு அடுத்த வண்டியில் வீடு திரும்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டில் விசாரித்தபோது, "அவளுக்கு உடம்பு முடியல, அடுத்த வருஷம் எழுதுவா" என்று அவரே சமாளித்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அடுத்த வருஷமும் வாசலோடு திரும்பினால் அத்தோடு படிப்பை மூட்டை கட்டிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் என் பாடங்கள் ரயிலேறின. காலையில் ஆபீஸ் போகிற வண்டியில் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை அவருக்கு ஒரு சீட்டாட்டக் கோஷ்டி உண்டு. மடிகளின் மேல் ஒரு பெட்டியைப் படுக்க வைத்து ஆடுவார்கள். சீட்டுக்கட்டு இருந்த இடத்துக்கு என் பாடம் வந்தது. மனிதனின் தேவைகள் மாடி மாடியாக இருக்கும். அடியில் சோறும் தண்ணீரும், மேலே பாதுகாப்பு, அதற்கு மேல் அன்பு, மதிப்பு, உச்சியில் தன் திறமை முழுவதும் மலர்வது என்று ஒரு பாடம். சாயங்காலம் வந்து சொன்னார்: "எங்காளு ஒருத்தர் கேக்கறார், 'இன்னா சார், எல்லாம் சரி, ஜன்னல் சீட்டு எந்த மாடில கீது?'ன்னு."

சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அந்தப் பாடத்தை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். வயதுக்கு வயது மனிதனுக்கு ஒரு மனப் போராட்டம் உண்டு என்ற பாடம் போனபோது, ரிட்டயர் ஆகப்போகிற ஒருவர் தனக்கு எந்தப் போராட்டம் என்று கேட்டனுப்பினார். எழுதிக் கொடுத்தனுப்பினேன். அவர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்தது பரிசுப் பாடம். நல்ல காரியத்துக்கு உடனே பரிசு கொடுத்தால் அது திரும்ப நடக்கும் என்பது சாரம்; கூண்டு எலிக்குத் தீனி போட்டுக் கண்டுபிடித்தது. அந்த வாரத்திலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் எதிர்க் கடையின் வெங்காயப் பக்கோடா வீட்டுக்கு வர ஆரம்பித்தது. பாடம் முடித்தேன் என்று சொன்னால் மறுநாள் பொட்டலம். முடிக்கவில்லை என்றால் மனுஷர் கையை வீசிக்கொண்டு வருவார். கோஷ்டி கூடித் தீட்டிய திட்டம்! அதே பாடத்தை நானும் படித்திருக்கிறேன் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. என்னைக் கூண்டில் அடைத்த எலியாக்கிவிட்டார்களே என்று பொருமினேன். அதற்காகப் பக்கோடாவை விடுவேனா? பாதிப் பாடத்தைப் படித்துவிட்டு முழுதும் ஆயிற்று என்று சொல்லிச் சாப்பிட்ட நாட்களும் உண்டு. எலிக்கு அந்தச் சாமர்த்தியம் வராது.

பரீட்சை நாளன்று லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். கோஷ்டி நகர்ந்து உட்கார்ந்து எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தது.

"சிஸ்டர், நீங்க எழுதி முட்ச்சுட்டு வாங்க, சார்கிட்ட பட்டுப்புடவைக்குப் பேசி வெச்சிகீறோம்" என்றார் ஒருவர். இவர் முழித்தார். வழியெல்லாம் சிரிப்பு.

வாசலுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. அதே வாசல். கால் நகரவில்லை.

"புடவை கிடவைன்னு ஆரம்பிக்காதீங்க, எனக்கு அழுகை வந்துடும்" என்றேன்.

"ஆரம்பிக்கல. எனக்கு சீசன் இருக்கு, உனக்கு ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தாச்சு. எழுதினாலும் சரி, பத்து நிமிஷத்துல எழுந்து வந்தாலும் சரி. நான் இங்கதான் நிப்பேன், சேர்ந்தே வீட்டுக்குப் போலாம்."

"எழுதலைன்னா கோவம் வராதா?"

"போன வருஷம் நீ எழுதாதது எனக்கு ஒண்ணுமில்ல. அவ்ளோ தூரம் தனியா திரும்பி வந்த பாரு, அதுதான் மனசே கேக்கல."

எந்தப் பாடத்திலிருந்தும் அவர் இதை எடுக்கவில்லை. ஹால் டிக்கெட்டைப் பையிலிருந்து எடுத்தேன். உள்ளே போனேன்.

கேள்வித்தாளில் முதலில் எழுத்தே தெரியவில்லை. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். போனால் வாசலில் அவர் இருப்பார், ஒன்றும் கேட்காமல் கூட நடப்பார் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. அதனால்தான் என்னால் உட்கார்ந்திருக்க முடிந்தது. பேனாவைத் திறந்தேன்.