சனிக்கிழமை வழுக்கிய வளையங்கள்

ஒக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில் தவராசாவை எல்லோரும் "டேவ்" என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தவமிருந்து பெற்ற பிள்ளைக்கு மாமியார் ஆசையாக வைத்த பெயரை இப்படிக் கொத்திப் போட்டார்களே என்று அவருடைய மனைவி கௌரிக்குத்தான் வயிறு எரிந்தது.

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்தும் பிட்டராக இருந்த மனிதர். எண்பத்துநான்கில் ஒக்லாந்துக்கு வந்து ரானுயியில் ஒரு வாடகை வீட்டில் குடியேறினார். கிடைத்த முதல் வேலை, வேட்டைச் சாமான்களை இறக்குமதி செய்யும் கொலின் என்பவரின் கடையில் பொதி கட்டுவது. ஜன்னலே இல்லாத பின்னறையில் அட்டைப்பெட்டி, ஒட்டு நாடா, அட்டைப்பெட்டி, ஒட்டு நாடா. மனிதனுக்கு விசர் பிடிக்காதது பெரிய காரியம்.

அங்கிருந்து அவரை மீட்டது ஒரு மேசை. துப்பாக்கியின் மேல் ஸ்கோப் என்று ஒரு குழாய்க் கண்ணாடி இருக்கும். அதைத் துப்பாக்கியோடு சேர்த்து இறுக்கிப் பிடிப்பவை இரண்டு வளையங்கள். சுடும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும். அந்த உதையில் வளையத்துக்குள் ஸ்கோப் மயிரளவு நகர்ந்தாலும் குறி தப்பிவிடும். மலிவு வளையங்களை நம்பலாமா என்று கொலின் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, தவராசா பழைய மரச்சட்டமும் கப்பியும் ஓர் இரும்புக் குண்டும் கொண்டு ஒரு பொறி செய்து காட்டினார். குண்டு வந்து டமாரென்று மோதும், ஸ்கோப் உதை வாங்கும். வளையத்தின் ஓரத்தில் குழாய்மேல் போட்ட பென்சில் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும், ஒரு வேட்டும் தீர்க்க வேண்டாம். கொலின் அசந்துபோய் முன்னறையில், ஜன்னலோரமாக அவருக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். தவராசாவுக்கு உச்சி குளிர்ந்தது.

முட்டையைக்கூடத் தொடாத சைவக்காரர் அவர். கௌரி விடுவாளா?

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்திட்டு, இஞ்ச இருந்து துவக்குக்கு வளையல் போடுறீங்களோ?"

"வளையல் போட்டாலும் வெளிச்சத்தில இருந்தல்லோ போடுறன்," என்பார் அவர்.

இனி சங்கடத்துக்கு வருவோம். அந்த வருஷம் வந்திறங்கிய மலிவு வளையங்கள் வாரநாட்களில் தங்கமாக இருந்தன. எத்தனை அடி விழுந்தாலும் கோடு அசையவில்லை. சனிக்கிழமை கடை அரைநாள்தான். அன்றைக்கு கொலின் தேநீர்க் குவளையோடு வந்து நின்று தன் கண்ணால் பார்ப்பார். பாழாய்ப்போன வளையங்கள் அன்றைக்கென்று வழுக்கின! அதே திருகாணி, அதே இறுக்கம், அதே குண்டு. கோடு மட்டும் நகர்ந்துவிட்டது. அடுத்த வாரமும் அதே கதை. திங்கள் முதல் வெள்ளி வரை கல்லுப்போல நின்றவை, சனிக்கிழமை முதலாளியின் மூக்குக்கு முன்னால் மானத்தை வாங்கின.

கொலின் கத்தியிருந்தாலும் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார். "டேவ், இன்னும் ஒரு சனிக்கிழமை பார்ப்போம். அன்றைக்கும் நகர்ந்தால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான். சோதனையையும் நிறுத்திக்கொள்வோம். கவலைப்படாதே மேட், பின்னறையில் உனக்கு எப்போதும் வேலை இருக்கும்."

பின்னறை! தவராசாவுக்கு மறுபடியும் அட்டைப்பெட்டி, ஒட்டு நாடா. வீட்டுக்கு வந்து, தலையைக் கோதிக் கோதி யோசித்துக்கொண்டு, கௌரி நீட்டிய தேநீர்க் கோப்பையை வாங்கினார். அது கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் சிதறியது.

கௌரி துணியோடு குனிந்தவள் அவருடைய கையைப் பிடித்துப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, இதென்ன கையெல்லாம் எண்ணெய்?"

சனிக்கிழமை எண்ணெய் முழுக்கை தவராசா எந்தக் குளிரிலும் விட்டவரல்லர். விடியவே எழும்பி, சீனக் கடையில் வாங்கிய எள்ளெண்ணெயைக் கௌரி சுடவைத்துத் தர, உச்சியில் தேய்த்து ஊறவிடுவார். அரப்பும் சீயாக்காயும் இங்கே ஏது? பேருக்கு ஷாம்புவைப் போட்டு அலசிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். யோசனை வந்தால் கை தானாகத் தலைக்குப் போகும். தலையிலிருந்து வளையத்துக்குப் போகும்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடக் கடவுளே! கௌரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பாவம் அந்த மனுசன், உங்கட தலைக்குப் பயந்து சாமானைத் திருப்பி அனுப்பப் பாக்கிறார்!"

"சிரியாதையும். என்ர வேலை போகப்போகுது."

"ஏன் போகுது? வாற சனி முழுகாமப் போங்கோ. வளையம் வழுக்காது, மேசையும் போகாது. ஆருக்குத் தெரியப்போகுது?"

நல்ல யோசனைதான். அந்த வாரம் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் திரிந்தார். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைக்கு வந்த ஒரு வேட்டைக்காரரின் கையைப் பார்த்ததும் நிம்மதி போய்விட்டது. கை முழுக்கத் துப்பாக்கி எண்ணெய். இந்தக் கையால்தானே அவரும் வளையத்தை மாட்டுவார்? தான் ஒருவர் முழுகாமல் வந்தால் ஊரில் உள்ள கையெல்லாம் காய்ந்துவிடுமா? 'இந்த வளையம் இறுக்கிப் பிடிக்கும்' என்று சொல்வது தன் வாய். அந்த வாய் பொய் சொன்னால் பிறகு மேசை இருந்தும் என்ன?

சனிக்கிழமை காலை கௌரி எண்ணெய் சுடவைக்கவில்லை. அவரே அடுப்பைப் பற்றவைத்தார்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்றாள் அவள்.

"ஓம்," என்றார்.

கடையில் முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வளையத்தையும் குழாயையும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் மெதிலேற்றட் ஸ்பிரிட்டால் துடைத்து மாட்டினார். குண்டு விழுந்தது, விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. கோடு அசையவில்லை. கொலின் முகம் மலர்ந்து கை கொடுக்க வந்தார். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

"இன்னும் முடியவில்லை," என்றார் தவராசா. கொலின் பார்த்துக்கொண்டிருக்கவே, பத்து விரலையும் தலைமயிருக்குள் விட்டு எடுத்து, இன்னொரு சோடியை மாட்டினார். நாலு அடி தாங்கவில்லை, கோடு நகர்ந்தது. எல்லாவற்றையும் சொன்னார்: முழுக்கு, எள்ளெண்ணெய், சனிக்கிழமை.

கொலின் குவளையைக் கீழே வைத்தார்.

"உங்கள் சொந்தத் துப்பாக்கியின் வளையத்தைத் தருவீர்களா?" என்று கேட்டார் தவராசா. "அந்த விலை கூடினதை."

கொலின் வேண்டாவெறுப்பாகக் கழற்றிக் கொடுத்தார். அதே எண்ணெய்க் கை. டமார், டமார். அதுவும் வழுக்கியது!

கொலின் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அறைந்துகொண்டார். "போன வருஷம் நான் தவறவிட்ட மான்! காற்றின் குற்றம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே. நான்தான் ஒவ்வொரு முறையும் துப்பாக்கிக்கு எண்ணெய் பூசிய கையோடு வளையத்தை மாட்டுவேன்!" அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வாசலுக்கு வந்த ஆள் திரும்பிப் போய்விட்டான்.

மலிவு வளையங்கள் கடையிலேயே நிற்கும், துடைத்துவிட்டு மாட்டவும் என்று பொதியில் ஒரு வரி போடலாம் என்று அப்போதே முடிவாயிற்று. இனி எந்த வளையத்தையும் இரண்டு விதமாகவும் சோதித்த பிறகே விற்பது என்றார் கொலின். "சனிக்கிழமைகளில் அந்தத் தலையோடு வா, டேவ். மறந்துவிடாதே."

தவராசா தலையைத் தொட்டுப் பார்த்தார். இந்த ஊருக்கு வந்த நாள் தொட்டு நெற்றித் திருநீற்றை அழித்துவிட்டு, சாப்பாட்டு மணம் வெளியே வராமல் பெட்டியை இறுக்கி மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போயிருக்கிறார். மறைக்காமல் கொண்டு வா என்று ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

மத்தியான ரயிலில் பக்கத்தில் இருந்த பெண்மணி எண்ணெய் மணத்துக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து வேறு இடம் பார்த்துப் போனாள். தவராசா காலை நன்றாக நீட்டி, இரண்டு பேர் இருக்கும் ஆசனத்தில் ஒரு ராசாவாக ரானுயி வரைக்கும் வந்தார்.