அக்காவிடம் போன துண்டு

என் கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டி அக்காவுக்கு வைத்தார்கள். தாம்பரத்துச் சொந்தக்காரர்கள் என்னைத் தியாகி என்றார்கள். வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே காரியத்தையும் மயக்கத்தில்தான் செய்தேன் என்பது எனக்கல்லவா தெரியும்!

எனக்குள் மிச்சமிருந்தது மளமளவென்று வளர்ந்தது. அக்காவிடம் போனது அசையவில்லை. அவள் கண்ணில் மஞ்சள் இறங்கவேயில்லை.

டாக்டர் அம்மா விளக்கினார். "வளர்ச்சிக் காரணின்னு சில புரதம் ரத்தத்துல வரும் சார். கல்லீரல் செல் அதைக் கொக்கி போட்ட மாதிரி பிடிச்சு உள்ளே இழுக்கும். 'பெருகு'ங்கற உத்தரவை வாங்கிக்கும். அப்புறம் வந்ததையே செரிச்சிடும்."

"சாப்பிடற வேலை மட்டும் ஒழுங்கா நடக்கும் மேடம். என் துண்டாச்சே."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஸ்கேன் பார்ப்போம்" என்றார். அந்த முகம் வயிற்றுத் தையலைவிட வலித்தது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்காரர் பொழிச்சலூரிலிருந்து ஃபிளாஸ்கோடு வந்தார். உள்ளே கீழாநெல்லி அரைத்துக் கலக்கிய மோர். காமாலை என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் தேடுவது அதைத்தான்.

"வேணாம் மாமா. டாக்டர் எழுதித் தராத எதையும் குடுக்கக் கூடாதாம். வளர்ற வேலையை விட்டுட்டு, கல்லீரல் இதைச் சமாளிக்கப் போயிடும்."

"பச்சிலைடா. இலை இன்னா பண்ணிடும்?" மூடியைத் திருகினார். "சும்மாவே எப்டிடா உக்காந்துனு இருக்கறது?"

ஃபிளாஸ்க்கை வாங்கித் தொட்டியில் கொட்டினேன். அவர் தடுக்கவில்லை. மூடியை மட்டும் துடைத்துக்கொண்டே நின்றார்.

அக்கா கண் திறந்தாள். "இன்னாடா சத்தம்?"

"என் துண்டு வேலை செய்ய மாட்டேங்குதாம்க்கா. மானம் போவுது."

"உன்னை எழுப்பறதுக்கே தினம் மூஞ்சில தண்ணி அடிக்கணும். அது மட்டும் சொன்னவுடனே எழுந்துக்குமா?" மெல்லக் கையை எடுத்துத் தன் வயிற்றுக் கட்டின்மேல் வைத்தாள். "டேய், எழுந்திருடா. ஸ்கூலுக்கு நேரமாச்சு."

துண்டின் சார்பில் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"அஞ்சு நிமிஷம்க்கா."

மறுநாள் ஸ்கேனில் துண்டு லேசாகப் பெருத்திருந்தது. மஞ்சள் அப்படியே இருந்தது. "ஆரம்பிச்சிருக்கு, ஆனா போதாது" என்றார் டாக்டர் அம்மா, அப்போதும் சிரிக்காமல். மாமா என்னைப் பார்த்தார். தாமதமாகத்தான் கிளம்பியிருக்கிறது, என் துண்டேதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு முறை எழுந்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும் பழக்கமும் எனக்கு உண்டு. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.