பதினோராம் செவ்வாயில் அந்தோனியார் தேடித் தந்தது

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பத்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு மணி இருபது நிமிடம். மத்தியானம் பெய்த மழை விட்டிருந்தது. கடல் பக்கம் இன்னும் இடி முழங்கியது. காற்றில்லை, புழுக்கம். அந்த நேரத்தில்தான் என் மகன் ஜெறோம் வள்ளத்துத் துடுப்பால் என்னை அடித்தான்.

முதல் அடி இடது தோளில் விழுந்தது. இரண்டாவது அடியைக் கையால் தடுத்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மூன்றாவது அடி எனக்கு ஓங்கியதுதான். இடையில் ஓடிவந்த என் மனைவி றீற்றாவின் வாயில் விழுந்தது. அவளுடைய கீழ்வரிசைப் பல் இரண்டு குசினி வாசலில் கிடந்தன. அவன் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீ என்ரை அப்பா இல்லை" என்றான். "அவரைக் கொலை செய்துபோட்டு அவரின்ரை தோலைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாய்."

முல்லைத்தீவுக் கரையில் எங்கள் ஊர் மீனவர் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதியவன் நான். வயது எழுபத்திரண்டு. யுத்தத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். மிஞ்சியவன் ஜெறோம். என்னை அடித்தபோது அவனுக்கு இருபத்துநாலு வயது. கடலோரக் களப்பில் மீன்பிடித் தொழில் செய்தான். ஒரு குவியல் இறாலைப் பார்த்தே இத்தனை கிலோ என்று சொல்லுவான். தராசில் வைத்தால் நூறு கிராம் பிசகாது. என் தலை அவனுக்கு வாய்த்திருக்கிறது என்று நான் பெருமைப்பட்டேன்.

அந்தத் தலைதான் ஓகஸ்ட் மாதத்திலிருந்து கெடத் தொடங்கியது. நித்திரை இல்லை. கூரைக்கு மேலே ஆட்கள் தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்றான். அம்மா போட்ட சோற்றை நாய்க்கு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டான். நாங்கள் ஜெபம் சொன்னோம், வீட்டுக்குத் தீர்த்தம் தெளித்தோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயம்.

துடுப்பால் அடித்த அன்றைக்கு அயலவர் நாலு பேர் சேர்ந்துதான் அவனை விழுத்தினார்கள். ஒருவன் முழங்காலை அவன் கழுத்தில் வைத்தான். நைலோன் கயிறு மணிக்கட்டை அறுத்து இரத்தம் வடிந்தது. சம்மாட்டி சூசை, அவருடைய வள்ளத்தில்தான் ஜெறோம் வேலை செய்தான், நங்கூரச் சங்கிலியை எடுத்துவந்து பூவரசோடு கட்டச் சொன்னார். றீற்றா வாயில் சீலைத்தலைப்பைப் பொத்திக்கொண்டு மரத்துக்கு முன்னால் போய் நின்றாள். இரத்தம் நெஞ்சுவரை வழிந்திருந்தது.

"கட்டுறதெண்டால் என்னையும் சேர்த்துக் கட்டுங்கோ" என்றாள்.

ஒருவரும் கட்டவில்லை. வான் பிடித்து வவுனியாவுக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஆஸ்பத்திரியின் மனநல விடுதியில் ஒரு பெண் வைத்தியர் அவனைப் பொறுப்பெடுத்தார். இது மூளையில் தொடங்கும் ஒரு வருத்தம், ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் நல்லது என்றார். இந்த வருத்தக்காரர் எல்லோரும் அடிப்பதில்லை, பயம் மிஞ்சினால்தான் கை நீளும் என்றும் சொன்னார். இரத்தம் எடுத்துப் பார்த்தார். இரண்டாம் கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, தம்பியின்ரை இரத்தத்தில அழற்சி கூடக் காட்டுது. உடம்பு எங்கேயோ எதோடையோ சண்டை பிடிக்குது. அண்மையில காய்ச்சல், பல்லு வலி, காயம் ஏதும் இருந்ததோ?"

"ஒண்டும் இல்லை, டொக்டர்" என்றேன்.

யோசிக்காமல் சொன்ன பதில் அது. அவர் ஜெறோமிடமும் கேட்டார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நாட்களில் அவனிடம் எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.

டிசம்பரில் வீட்டுக்கு வந்தான். குரல்கள் அடங்கிவிட்டன. என்னை அப்பா என்றே கூப்பிட்டான். ஆனால் தலை திரும்பி வரவில்லை. கடைக்கு அனுப்பினால் பாதி வழியில் நிற்பான், எதற்கு வந்தேன் என்று தெரியாமல். கிழிந்த வலையைக் கையில் கொடுத்தால் ஒரு வலைக்கண்ணைப் பொத்தித் தைத்து முடிப்பான், அடுத்ததை மறந்துவிடுவான். நான் பொறுமையில்லாதவன். காலையும் மாலையும் கணக்குக் கேட்டேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி என்றேன். "தொண்ணூற்று மூண்டு" என்பான். அதற்குப் பிறகு வாய் திறந்தபடியே இருக்கும்.

சூசை ஒரு நாள் வேலியால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "உன்ரை மோன் இப்ப நங்கூரக்கல்லு மாதிரி, அண்ணை. போட்ட இடத்திலை கிடக்கிறான். கல்லெண்டாலும் வள்ளத்தைப் பிடிக்கும்."

அந்தச் சொல் எனக்குத் துடுப்படியைவிட நொந்தது. கை எலும்பு பொருந்திவிட்டது. இது பொருந்தவில்லை. அடிக்கிற மகனாவது ஒரு மகன். இப்படி இருக்கிறவன் இருந்தும் இல்லை. அன்றைக்குத்தான் நேர்த்தி வைத்தேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார். வள்ளத்தில் கத்தி தொலைந்தாலும் எங்கள் ஆட்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். என் மகனின் புத்தி தொலைந்துவிட்டது, தேடித் தாரும் என்று மன்றாடினேன். ஊருக்கு வடக்கே ஆறு கிலோமீற்றரில் அவருடைய சிறிய கோவில் இருக்கிறது. பதின்மூன்று செவ்வாய், வெறுங்காலோடு நானும் அவனும் நடந்து போய், ஏழைகளுக்குப் பேக்கரிப் பாண் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தேன்.

ஜனவரி இரண்டாம் திகதி முதல் செவ்வாய். ஐந்தாவது செவ்வாயிலிருந்து அவன் நொண்டினான். கள்ளம் பண்ணுகிறான் என்று நினைத்தேன். ஏழாவதில் வழியில் இரண்டு முறை குந்தி இருந்துவிட்டான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஏனடா என்று கேட்டுப் பார்த்தேன். வலி என்று ஒரு சொல் அவன் வாயில் வரவில்லை.

பதினோராவது செவ்வாய், மார்ச் பன்னிரண்டு. காலை ஒன்பது மணிக்கே கிரவல் ரோட்டு கொதித்தது. பாண் உரப்பை என் தோளில். பாலத்தடியில் அவன் இருந்துவிட்டான். எழும்பு என்றேன். எழும்பவில்லை. நேர்த்தி முறியப்போகிறது, இவ்வளவு செவ்வாயும் வீண் என்று எனக்கு வெறி பிடித்தது. குடையால் அடித்தேன். முதுகில் இரண்டு, தலையில் ஒன்று. நாலாவது அடிக்கு அவன் குடையைப் பிடித்துப் பறித்தான். அதன் கம்பி என் கன்னத்தைக் கிழித்தது. அடுத்த கணம் நான் கிரவலில் மல்லாந்து கிடந்தேன். அவன் முழங்கால் என் நெஞ்சில். இரண்டு கையும் என் கழுத்தில்.

மூச்சு வரவில்லை. அவன் முகம் வியர்த்துச் சிவந்து, பல்லைக் கடித்தபடி, மிகவும் கிட்ட இருந்தது. கண்ணுக்குள் எனக்கு இருட்டிக்கொண்டு வந்தது. பாண்கள் ரோட்டில் சிதறிக் கிடந்தன. அப்போதும் அதை நினைத்துக் கவலைப்பட்டேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். வாயால் ஜெபிக்க முடியவில்லை. மனதால் சொன்னேன்: அந்தோனியாரே, நான் செத்தாலும் பரவாயில்லை. இவனிடத்தில் தொலைந்தது எதுவோ, அதைத் தேடித் தாரும்.

அவன் கை தளர்ந்தது.

ஒரு மோட்டார் சைக்கிள்கூட அந்த வழியால் வரவில்லை. ஒருவரும் அவனை இழுக்கவில்லை. தானாகவே கையை எடுத்தான். பக்கத்தில் சரிந்து இருந்து, வலது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அப்பா, கால். காலுக்குள்ள அது நிக்குது."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தன் உடம்பைப் பற்றி அவன் சொன்ன முதல் வார்த்தை அது. கிரவலில் ஊர்ந்து போய்ப் பாதத்தைப் பார்த்தேன். குதிக்காலுக்கு மேலே பலாக்கொட்டை அளவில் வீங்கி, கறுத்து, நடுவில் சீழ் கசிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. முந்தைய வருடம் மே மாதம் களப்பில் அவனுக்குத் திருக்கை மீன் குத்தியது. றீற்றா சுடுதண்ணீரில் காலை வைத்தாள். இரண்டு நாள் படுத்தான், குத்தின வாய் மூடியதும் தொழிலுக்குப் போனான். எங்கள் கரையில் திருக்கை குத்தாத கால் இல்லை. அதை நாங்கள் காயம் என்று சொல்வதில்லை. நுளம்பு கடித்ததையும் யாராவது வைத்தியருக்குச் சொல்வார்களா? அந்த வைத்தியர் காயம் இருந்ததா என்று கேட்டபோது, எல்லாவற்றையும் எண்ணுகிற நான் இதை எண்ணவில்லை.

வியாழக்கிழமை வவுனியா. வைத்தியர் பாதத்தைப் பார்த்தார், பிறகு என் கழுத்தில் இருந்த விரல் அடையாளங்களையும் பார்த்தார்.

"எத்தினை நாளா, ஐயா?"

"பத்து மாசம், டொக்டர். திருக்கை."

"நான் காயம் இருந்ததோ எண்டு கேட்டனான்."

"ஓம். கேட்டனீங்கள்."

அவர் சத்திர சிகிச்சைக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். அந்த ஓம்தான் எனக்குத் தண்டனை. சத்திர சிகிச்சையில் உள்ளே முறிந்து நின்ற முள்ளை எடுத்தார்கள். ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, இரண்டு கரையும் அரம் போல. சுற்றிவரச் சீழ். அவனுடைய வழக்கமான குளிசையோடு சீழுக்கும் மருந்து ஏறியது.

முள்ளால்தான் பைத்தியம் வந்ததா என்று கேட்டேன். வைத்தியர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"அப்பிடி நான் சொல்ல மாட்டன், ஐயா. இந்த வருத்தம் தொடங்கின ஆக்களில கொஞ்சப் பேருக்கு இரத்தத்தில அழற்சி கூடி இருக்கும். அப்பிடிக் கூடின ஆக்களுக்கு ஞாபகமும் யோசனையும் கூடுதலா மந்தமா இருக்கிறதைக் கண்டிருக்கினம். எது எதாலை எண்டு இன்னும் முடிவாத் தெரியாது. நெருப்பு எரியிற வீட்டுக்குள்ள இருந்து கணக்குப் பாக்கச் சொன்னால் ஆருக்கு வரும்? நெருப்பை நூத்திட்டுப் பாப்பம். குளிசையை மட்டும் நிப்பாட்டக் கூடாது."

ஏப்ரலில் இரத்தத்தில் அழற்சி இறங்கிவிட்டது. தலை உடனே வரவில்லை. மே மாதம் எழுபத்தொன்பது வரை கழித்தான். ஜூனில், அந்தோனியார் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னர், இரண்டு வரை இறங்கி வந்து, "இனி ஏழைக் கழிக்க ஏலாது, அப்பா" என்று சிரித்தான். றீற்றா பொய்ப்பல்லோடு சிரித்தாள். நான் வளவுக்குப் பின்னால் போய் அழுதேன். பாலத்தடியோடு நின்ற பதினோராவதையும் ஒன்றாக எண்ணி, மிஞ்சியிருந்த இரண்டு செவ்வாயையும் நாங்கள் முடித்தோம், செருப்போடு. கோவில் சுவாமியார் தானே சொன்னார், அந்தோனியாரும் செருப்புப் போட்டவர்தான் என்று.

முழுக்கச் சுகம் என்று நான் சாட்சி சொல்லவில்லை. இன்றைக்கும் குளிசை உண்டு. சில நாள் சொற்கள் அவனுக்குப் பிந்தி வரும். ஆனால் சூசை இப்போது அவனைத் தராசடியில் வைத்திருக்கிறார். கல்லு வாய் திறந்து கணக்குச் சொல்லுது என்று இன்னும் பகிடி பண்ணுவார். பண்ணட்டும். நான் அன்றைக்குப் பிறகு அவனுக்கு மேல் கை வைத்ததில்லை. அவனும் என்னைத் தொட்டதில்லை, சவரம் செய்துவிடுகிற நேரம் தவிர.

இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், சங்கிலியை எடுக்காதீர்கள். முழங்காலில் நில்லுங்கள், எழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வைத்தியர் கேட்கும் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லுங்கள். அந்தோனியார் தேடித் தருவார். ஆனால் அவர் நாம் கேட்ட இடத்தில்தான் தேடுவார் என்றில்லை. நான் தலையில் தேடச் சொன்னேன். அவர் காலில் இருந்து தொடங்கினார்.

இந்தச் சாட்சியை எழுதி முடித்த பின்னேரம் செலவைக் கூட்டினேன். வான் வாடகை ஒரு இலட்சத்து நாற்பத்தாறாயிரத்து ஐந்நூறு. வெளியில் செய்த இரத்தப் பரிசோதனைகளும் ஸ்கானும் முப்பத்தெட்டாயிரத்து எழுநூற்றைம்பது. பஸ், சாப்பாடு, தங்கினது அறுபத்தோராயிரத்து இருநூறு. றீற்றாவின் பல் இருபத்துநாலாயிரம். மொத்தம் இரண்டு இலட்சத்து எழுபதாயிரத்து நானூற்றைம்பது என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஜெறோம் வாசலில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"பாண் காசை விட்டிட்டீங்கள், அப்பா. பதின்மூண்டு செவ்வாய், அறுநூறுப்படி. ஏழாயிரத்து எண்ணூறு."

திரும்பக் கூட்டினேன். அவன் சொன்னது சரி. இரண்டு இலட்சத்து எழுபத்தெட்டாயிரத்து இருநூற்றைம்பது ரூபா.